புலிப் பாய்ச்சலும் சாம்பல் பாஸ்போர்ட்டும்

எஸ்டோனியாவில் ஒவ்வொருவருக்கும் 11 இலக்க அடையாள எண் உண்டு. முதல் இலக்கம் ஆணா பெண்ணா, எந்த நூற்றாண்டில் பிறந்தவர் என்று சொல்லும். அடுத்த ஆறும் பிறந்த தேதி. பிறகு மூன்று இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். டேட்டாபேஸ் கட்டிப் பிழைக்கிறவன் என்பதால் இதையெல்லாம் விடாமல் படிப்பேன். அந்த எண்ணில் குடியுரிமைக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் இந்த நாட்டின் கதை எனக்குச் சுவாரசியமானது.

1991இல் சோவியத்திலிருந்து விடுபட்டபோது மக்கள்தொகை 15 லட்சம் சொச்சம். அடுத்த ஆண்டே சொந்த நாணயம்: எட்டு குரோன் ஒரு ஜெர்மன் மார்க். 32 வயதில் பிரதமரான மார்ட் லார், வரலாறு படித்தவர். 1994இல் எல்லோருக்கும் ஒரே 26 சதவீத வருமான வரி. 1996இல் 'புலிப் பாய்ச்சல்': பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும். யோசனை கொடுத்தவர்களில் ஒருவரான டூமஸ் ஹெண்ட்ரிக் இல்வெஸ், அமெரிக்காவில் பள்ளி நாட்களிலேயே புரோகிராமிங் கற்றவர். அதற்கப்புறம் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் பெரியவர்களுக்கு இணையம் சொல்லிக்கொடுத்தன. இவ்வளவு சின்ன நாட்டில் இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அந்த 'எல்லோரும்' யார்? 1992இல் பழைய குடியுரிமைச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1940 ஆக்கிரமிப்புக்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் தானாகவே குடிமக்கள். சோவியத் காலத்தில் வேலைக்கு வந்து குடியேறியவர்கள், எஸ்டோனிய மொழித் தேர்வு எழுதித்தான் உள்ளே வர வேண்டும். மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றானார்கள். அவர்கள் கையில் வந்தது சாம்பல் நிறப் பாஸ்போர்ட்.

1949இல் ஒரே மாதத்தில் 20,000 பேருக்கு மேல் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட தேசம் இது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் நார்வா நகரத்தை நினைத்தால் நியாயம் அவ்வளவு நேராக இல்லை. ரஷ்ய எல்லையில், ஆற்றங்கரையில் 1857இல் தொடங்கிய கிரீன்ஹோம் பஞ்சாலை. சோவியத் காலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை. நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழிக்காரர்கள். 1993இல் தன்னாட்சி கேட்டு வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சந்தை போச்சு, ஆட்குறைப்பு ஆச்சு, 2010இல் ஆலை திவால்.

2002இல் வந்த அடையாள அட்டை நார்வாவின் சாம்பல் பாஸ்போர்ட்காரருக்கும் கிடைத்தது. அதே சிப், அதே டிஜிட்டல் கையெழுத்து. 2005 உள்ளாட்சித் தேர்தலில் அந்த அட்டையைச் செருகி இணையத்தில் அவரும் வாக்களிக்க முடிந்தது. 2007 நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. அட்டையில் கோளாறு ஒன்றுமில்லை. வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். என் தொழிலில் ஆளை அடையாளம் காண்பது ஒரு வேலை, அவருக்கு என்ன அனுமதி என்று முடிவு செய்வது வேறு வேலை. இரண்டாவதை எஞ்சினியர் முடிவு செய்வதில்லை.

எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பலர் குடியுரிமை வாங்கினார்கள், பலர் ரஷ்யப் பாஸ்போர்ட் எடுத்தார்கள், முதியவர்கள் இறந்துபோனார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு, 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. ரஷ்யக் குடிமக்களின் உள்ளாட்சி வாக்குரிமை உடனே போனது. சாம்பல் பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்த அக்டோபர் தேர்தல்தான் கடைசி.