இரண்டு தமிழர்கள், ஒரே 10.5 விநாடி

1966 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. 100 மீட்டர் இறுதி ஓட்டம். முதலாவதா வந்தவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். இரண்டாவது சிங்கப்பூரின் கனகசபை குணாளன். இரண்டு பேருக்கும் அறிவித்த நேரம் ஒண்ணுதான்: 10.5 விநாடி. யார் முதல்னு போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

அந்த வருஷம் ஆசியாவிலேயே வேகமான இரண்டு மனிதர்களும் தமிழர்கள். இதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இரண்டு பேருமே மலாயாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தவர்கள். குணாளன் 1942-ல் தைப்பிங் பக்கம், ஜெகதீசன் 1943-ல் சுங்கை சிப்புட்டில். குணாளன் சிங்கப்பூரில் ஆசிரியரானார். முதலில் அவர் கால்பந்து ஆட்டக்காரர். அவருடைய வேகத்தைக் கண்டு ஓட்டத்துக்கு இழுத்து வந்தவர் பயிற்சியாளர் டான் எங் யூன். அப்போதே குணாளனுக்கு வயசு இருபது. ஜெகதீசன் அதற்கு முன்பே, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடியவர். பிறகு சிங்கப்பூரில் மருத்துவம் படித்தார். 'பறக்கும் டாக்டர்' என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான்.

இதில் அரசியலும் குறுக்கே வருகிறது. 1963 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்தது. அதனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு பேரும் ஒரே மலேசிய அணி. 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் பிரிந்தது. அடுத்த வருஷம் பாங்காக்கில் அதே இரண்டு பேரும் எதிரெதிர் கொடிக்குக் கீழே. ஓடுகிற கால் மாறவில்லை, பனியன்தான் மாறியது. பேராக்கில் பிறந்தவர் சிங்கப்பூருக்கு ஓடுகிறார், சிங்கப்பூரில் படித்தவர் மலேசியாவுக்கு ஓடுகிறார்!

பாங்காக்கில் ஜெகதீசன் அத்தோடு விடவில்லை. 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம் இரண்டிலும் சேர்த்து மூன்று தங்கம்.

அடுத்தது 1968 மெக்சிகோ ஒலிம்பிக். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற நகரம். காற்று அடர்த்தி குறைவு, அதனால் ஓடுகிறவரைத் தடுக்கிற விசையும் குறைவு. நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் மூச்சுக்குத் திணறினார்கள், குறுகிய தூரக்காரர்களுக்கோ யோகம். மண் தடம் போய் செயற்கைத் தடமும் வந்திருந்தது. அங்கே குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். ஜெகதீசன் 200 மீட்டரில் 20.92 ஓடி அரையிறுதி வரைக்கும் போனார்.

இந்த இரண்டு எண்களும் எவ்வளவு காலம் நின்றன தெரியுமா? குணாளனுடைய சிங்கப்பூர் சாதனை 33 வருஷம். 2001-ல் யு.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் அதை முறியடித்தார். ஜெகதீசனுடைய மலேசியச் சாதனை 49 வருஷம் நின்று, 2017-ல் கைருல் ஹபீஸ் ஜந்தானின் 20.90-ல் போனது.

0.01 விநாடின்னா எவ்வளவு? 100 மீட்டரை 10.38 விநாடியில் கடப்பவர் சராசரியாக ஒரு விநாடிக்கு 9.6 மீட்டர் போகிறார். நூறில் ஒரு பங்கு விநாடியில் 9.6 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். நம்ம நெய்வேலி பாரதி விளையாட்டரங்கில் ஓடுகிற பிள்ளைகள் கையை விரித்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அகலத்தை முன்னேற ஒரு நாட்டுக்கு 33 வருஷம் ஆகியிருக்கிறது.

பின்னாளில் ஜெகதீசன் மலேசிய சுகாதாரத் துறையில் உயர் பதவி வகித்தார். குணாளன் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளரானார். ஓட்டம் அவர்களுக்குச் சோறு போடவில்லை. படிப்பும் வேலையும் ஒரு பக்கம், பயிற்சி மறுபக்கம். இன்றைக்கு இருக்கிற ஸ்பான்சர், உணவு நிபுணர் எல்லாம் இல்லாத காலத்து 10.38 அது. அதனால்தான் எனக்கு அந்த எண் மேலே அவ்வளவு மரியாதை.