அசோகன் என்றொரு பெயர்

சோகம் என்பது தமிழிலும் அன்றாடம் புழங்கும் சொல்தான். அதன் முன்னால் வரும் 'அ', அநீதி, அசுத்தம் போன்ற சொற்களில் வரும் அதே 'இல்லை'. ஆக, அசோகன் என்றால் சோகம் இல்லாதவன். மௌரியப் பேரரசன் அசோகனுக்கு இந்தப் பெயர் வந்ததற்கு அசோகாவதானம் என்ற சமஸ்கிருத பௌத்த நூல் ஒரு கதை சொல்கிறது. குழந்தை பிறந்ததும் தன் சோகம் நீங்கியது என்று தாய் சொன்னாளாம், அதனால் அசோகன். அடுத்துப் பிறந்த தம்பி வீதசோகன், அதாவது சோகம் விலகியவன்! பெயரை வைத்துப் பிற்பாடு கட்டிய கதை போலத்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அசோகனின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவற்றில் அசோகன் என்ற பெயரே கிடையாது. இருப்பதெல்லாம் "தேவானாம்பிய பியதசி". இது பிராகிருதம். சமஸ்கிருதத்தில் தேவானாம்பிரிய பிரியதர்சி. தேவர்களுக்குப் பிரியமானவன், அன்போடு பார்ப்பவன் என்று பொருள்.

1837-ல் கல்கத்தா நாணயச் சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். ஆனால் இந்தப் பியதசி யார்? இலங்கையில் தேவானாம்பிய திஸ்ஸன் என்ற அரசன் இருந்ததால், அவனாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தார். அதே ஆண்டில் இலங்கையில் அரசுப் பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர் விடை கொடுத்தார். பாலி நூலான தீபவம்சத்தில் சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமான அசோகனுக்கே பியதஸ்ஸி என்ற பெயர் இருந்தது.

கல்லில் சான்று கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1915-ல் கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில் தங்கச் சுரங்கப் பொறியாளர் பீடன் என்பவர் ஒரு பாறைக் கல்வெட்டைக் கண்டார். அதில் தேவானாம்பிய அசோகன் என்று தெளிவாக இருந்தது. ஆனால் பியதசி இல்லை. மத்தியப் பிரதேசத்தின் குஜ்ஜராவில் கிடைத்த கல்வெட்டில் மூன்று பெயர்களும் ஒன்றாக வந்தன. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

சோகமில்லாதவன் என்ற பெயரோடு 13-ஆம் பாறைக் கட்டளையைச் சேர்த்துப் படித்தால் மனம் என்னவோ செய்யும். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள் என்று அரசனே சொல்லி வருந்துகிறான். ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கட்டளை பொறிக்கப்படவில்லை. அடி வாங்கியவர்களிடம் போய் அடித்த கணக்கை எப்படிச் சொல்வது என்று விட்டிருக்கலாம்.

பட்டப்பெயரின் கதி இன்னும் விசித்திரம். தேவானாம்பிரிய என்பது அசோகனுக்கு மட்டும் சொந்தமல்ல. பேரன் தசரதனும் நாகார்ஜுனி குகைக் கல்வெட்டுகளில் அதைப் போட்டுக்கொண்டான், இலங்கைத் திஸ்ஸனும் வைத்திருந்தான். அவ்வளவு மதிப்பான சொல் பிற்காலச் சமஸ்கிருதத்தில் வசைச் சொல்லானது. பாணினி இலக்கணத்துக்கு விளக்கமாகப் பட்டோஜி தீட்சிதர் எழுதிய சித்தாந்த கௌமுதியில் அதற்குத் தந்திருக்கும் பொருள், முட்டாள். பௌத்த அரசன் மீது வைதீகர்களுக்கு இருந்த காழ்ப்பே காரணம் என்பார்கள் சிலர். கேலியாகச் சொல்லிச் சொல்லியே பொருள் தேய்ந்திருக்கவும் கூடும். நம்மூரில் 'பெரிய மேதாவி' என்றால் யாராவது பாராட்டு என்றா நினைக்கிறார்கள்?