80 ஜி.பி.யில் எதை வைப்பது?

2008 செப்டம்பரில் இன்டெல் எக்ஸ்25-எம் என்ற எஸ்.எஸ்.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 80 ஜி.பி.; மொத்தக் கொள்முதலில் ஒன்றின் விலை 595 டாலர். வீட்டில் கேம் ஆடுவோரைப் பல ஆண்டுகள் ஒரு கேள்வி துரத்தியது: இவ்வளவு சின்ன டிரைவ் போதுமா?

எஸ்.எஸ்.டி. மீதான ஆசை நியாயமானதுதான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்று வர 8.3 மில்லிவிநாடி ஆகும். தேவையான தகவல் படிக்கும் முனைக்கு நேரே வரும்வரை, ஒவ்வொரு முறையும் காத்திருந்தே ஆகவேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. கேம் சட்டென்று திறக்கும். ஆனால் திறந்த பிறகு காட்சி ஓடும் வேகம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் கையில்தான்.

ஆகவே ஒரு வழக்கம் பிறந்தது. விண்டோஸும் அப்போது ஆடும் ஓரிரு கேம்களும் எஸ்.எஸ்.டி.யில், மற்றவை ஹார்ட் டிஸ்க்கில். கேம் விற்கும் தளமான ஸ்டீம் எல்லாக் கேம்களையும் ஒரே இடத்தில் நிறுவிய காலம் அது. ஆர்வலர்கள் ஒரு கேமின் ஃபோல்டரை மட்டும் எஸ்.எஸ்.டி.க்கு நகர்த்தி, 'எம்கேலிங்க்' கட்டளையால் பழைய இடத்தில் ஓர் இணைப்பை வைத்தார்கள். ஆடி முடித்ததும் அதைத் திருப்பி அனுப்பி, அடுத்ததற்கு இடம் கொடுத்தார்கள்.

2011-இல் வந்த இன்டெலின் இசட்68 சிப்செட் இந்த வேலையைத் தானே செய்தது: அடிக்கடி படிக்கும் தகவலைச் சின்ன எஸ்.எஸ்.டி.யில் நகலெடுத்து வைத்துக்கொண்டது. 2012-இல் ஸ்டீமும் வேறு டிரைவில் நிறுவ வழிவிட்டது.

கேம்களோ வீங்கிக்கொண்டே போயின. 2015-இல் கணினிக்கு வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 கேட்டது 65 ஜி.பி. 2023-இன் பால்டர்ஸ் கேட் 3 கேட்டது 150 ஜி.பி., அதுவும் எஸ்.எஸ்.டி.யிலேயே.