ஜை விட்டேக்கர்

ஆங்கிலத்தில் எழுதும் இந்தியச் சிறார் எழுத்தாளர். காட்டுயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்டவர். மும்பையில் பறவைப் பேச்சு ஓயாத வீட்டில் வளர்ந்தார். தந்தை சஃபர் ஃபத்தேஅலி, பறவை நோக்குவோருக்கான செய்தியிதழை நெடுங்காலம் நடத்தியவர். தாய் லயீக் எழுத்தாளர். தாய்மாமன் முறையில் வீடே 'மாமூ' என்று அழைத்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. அவரைப் பற்றிய நினைவுகளைப் பின்னாளில் 'சாலிம் மாமூ அண்ட் மீ' என்ற சிறுவர் நூலாக எழுதினார்.

பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரை மணந்து சென்னைக்கு வந்த ஜை, அவரோடு சேர்ந்து 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. சாரை பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்த இருளர் பழங்குடியினருக்கு வயிற்றுப்பாடே சிக்கலாயிற்று. ரோமுலஸின் முயற்சியில் 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்க வழி செய்தது.

ஜையின் நூல்களில் தலைசிறந்தது என்று சொல்லத்தக்க 'காளி அண்ட் தி ராட் ஸ்நேக்', இந்த இருளர் வாழ்விலிருந்தே பிறந்தது. காளியின் அப்பா பாம்பு பிடிப்பவர். வகுப்பில் காளியோடு யாரும் சேர்வதில்லை. அவன் கொண்டுவரும் ஈசல் வறுவலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, எல்லாரும் அலறுகிறார்கள். காளி மட்டும் அதைக் கையால் பிடிக்கிறான். பெரியவர்கள் கையைப் பிசையும் இடத்தில் பிள்ளைகளைச் செயலில் இறக்குவது, 1929-ல் 'எமீலும் துப்பறிவாளர்களும்' எழுதிய ஜெர்மானியர் எரிக் கெஸ்ட்னரும் கையாண்ட உத்திதான். ஒரு குறை உண்டு: பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர் பிள்ளைக்கு அந்த வகுப்பில் என்ன மதிப்பு கிடைத்திருக்கும் என்று கதை கேட்பதில்லை.

'அந்தமான்ஸ் பாய்', வீட்டைவிட்டு ஓடி அந்தமானுக்குப் போய்ச்சேரும் அனாதைச் சிறுவன் ஆரிஃபின் கதை. கணவரின் வாழ்க்கையை 'ஸ்நேக்மேன்' என்ற நூலாக எழுதினார். தம் குடும்ப அனுபவங்களை நகைச்சுவையோடு சொல்வது 'கோப்ரா இன் மை கிச்சன்'.

பழனி மலைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அங்குள்ள கொடைக்கானலில் 1901-ல் தொடங்கப்பட்ட பள்ளி இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி எனப்படுகிறது. ரோமுலஸ் சிறுவயதில் படித்த அந்தப் பள்ளியிலேயே ஜை ஆசிரியராகவும் பணியாற்றினார். காளியின் கதையைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டது.