எயிற்பட்டினத்து உலர்மீன்

நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழியில் மூன்று இடங்களில் உணவு காத்திருப்பதாகச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சுவை கூடிய சுடுசோறும் ஆமானின் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் இல்லத்து வெண்சோறும் நண்டுக் கலவையும். இவ்விரண்டுக்கும் முன்னதாக, எயிற்பட்டினத்துக் கடற்கரையில் நுளைமகள் வடித்த பழந்தேறலும் தீயில் வாட்டிய குழல்மீனும். அந்தக் குழல்மீன் உலர்ந்த மீன் என்பதைப் புலவர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அதாவது, கருவாடு.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. கையெட்டும் தொலைவில் கடலை வைத்திருப்பவர்கள், வந்த விருந்தினனுக்குப் புதுமீனை விடுத்து உலர்ந்த மீனை ஏன் கொடுத்தார்கள்?

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் குறிக்கும் சோபட்மா என்ற துறைமுகமும் இதுவே என்பர். எயில், சோ ஆகிய இரண்டு சொற்களுக்கும் மதில் என்ற பொருள் உண்டு என்பது இதற்கு வலுவூட்டுகிறது. பாட்டின் வேலூரை அருகிலுள்ள உப்புவேலூரோடு இணைப்பாரும் உளர். கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கிறது. பாடிய நத்தத்தனாரின் ஊரான இடைக்கழிநாட்டு நல்லூரோ மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் அமைந்த நிலத்தைச் சேர்ந்தது. அவர் எழுதியது பக்கத்து ஊரின் அடுப்பைப் பற்றி. கேள்விச் செய்தி என்று அதை ஒதுக்கிவிட இயலாது.

விடையின் ஒரு பாதி கடலில் இருக்கிறது. மீன் நினைத்த நாளில் கிடைப்பதன்று. கிடைக்கும் நாளில் தேவைக்கு மேல் கிடைக்கும். வெப்பமான இக்கரையில் அது மாலைக்குள் கெடத் தொடங்கிவிடும். பாணனோ சொல்லிக்கொண்டு வருகிறவன் அல்லன். எந்த வேளையில் வந்தாலும் தீயைக் காட்டியவுடன் உணவாகக்கூடிய பொருள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

மறு பாதி மண்ணில் இருக்கிறது. மரக்காணத்தின் உப்பளங்களில் ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி கட்டி, மழை வரும்வரை உப்பு வாருகிறார்கள். அந்த உப்பின் வேலை சுவை கூட்டுவது மட்டுமன்று. குடல் நீக்கிப் பிளந்த மீனில் மூன்றுக்கு ஒன்று அல்லது நான்குக்கு ஒன்று என்ற எடையில் உப்பைத் திணித்து ஒருநாள் வைத்தால், மீனுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. எஞ்சியதை வெயிலும் காற்றும் கொண்டுபோகின்றன. நெத்திலி போன்ற பொடிமீனுக்கு உப்பே வேண்டியதில்லை, வெயில் போதும். சுறாவுக்கும் திருக்கைக்கும் வஞ்சிரத்துக்கும் உப்பின்றி ஆகாது. உப்பிலும் தரம் பார்க்க வேண்டும். வாரிய கையோடு பயன்படுத்தும் உப்பில் மக்னீசியம் கூடுதலாக இருக்கும். அது கசக்கும், காற்றின் ஈரத்தை வாங்கிக் கருவாட்டை நமக்கச் செய்யும். குவித்து வைத்து நீர் வடியவிட்ட பழைய உப்பே ஏற்றது.

சமைத்த உணவைச் சேமிப்பதிலும் பகை அந்த நீர்தான். இன்று நகரத்து வீடுகளில் மக்ரோனியைப் பால், பாலாடைக்கட்டிக் குழைவில் தோய்த்து உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது சூடாக்கி உண்கிறார்கள். உறையும் நீர் பனிப்படிகமாகிக் குழைவைச் சிதைப்பதால், சூடாக்கும்போது நெய் தனியே நீர் தனியே பிரிந்து நிற்கும். மக்ரோனியை அரைவேக்காட்டில் இறக்குவதும், பாலைச் சற்று மிகுதியாக விடுவதும் வீட்டு வைத்தியங்கள். ஆலைகள் கண்ட வழி வேறு. 1911இல் சுவிட்சர்லாந்தில் இருவர் பாலாடைக்கட்டியுடன் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்து உருக்கி, நெய் பிரியாமல் நிற்கச் செய்தார்கள். 1916இல் அமெரிக்காவின் கிராஃப்ட் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிட்ரேட்டும் வேதியியல் கணக்கில் ஓர் உப்புதான் என்பதை எண்ணும்போது புன்னகை வருகிறது. நீரைப் பிடித்து வைக்க அவர்களுக்கு ஓர் உப்பு; வெளியேற்ற நம்மவர்க்கு ஓர் உப்பு.

கருவாட்டுக்கு ஏற்பட்ட இழிவும் பழையதே. நற்றிணையின் 45ஆம் பாட்டில் தோழி தேரூர்ந்து வரும் தலைவனிடம், நாங்கள் கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எம்மேல் புலால் நாறும், விலகி நில் என்கிறாள். அந்தக் குரலில் தாழ்வுணர்ச்சி இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இருப்பினும் நாற்றம் ஒரு வேலியாகிவிட்டது என்பதை அவள் அறிந்திருக்கிறாள்.

பிற்காலத்தில் அரசே ஒரு வேலியைக் கட்டியது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. 1882இல் மணங்குக்கு 2 ரூபாயாக இருந்த வரி 1888இல் இரண்டரை ரூபாயாயிற்று. ஒரு மணங்கு ஏறத்தாழ 37 கிலோ. அதை விளைவிக்கும் செலவு சில அணாக்களே. உப்பு வரி என்றதும் நம் வரலாற்று நூல்கள் ஏழையின் கஞ்சியைப் பேசும், 1930இன் தண்டியையும் வேதாரண்யத்தையும் பேசும். கருவாட்டைப் பேசுவது அரிது. கஞ்சிக்கு ஒரு சிட்டிகை போதும்; மூன்று மணங்கு மீனைக் காக்கவோ ஒரு மணங்கு உப்பு வேண்டும். மலிவான அந்த மீனின் மேல் இரண்டரை ரூபாய் வரியை ஏற்றினால் அதை வாங்குவது யார்? ஆகவே மீனவர் உவர்மண்ணைச் சுரண்டி மீனில் பூசினார்கள். அந்த மீன் அரைகுறையாக நின்று அழுகியது. உவர்மண் எடுப்பதும் குற்றமே. தானாக விளைந்த உப்பை மண்ணோடு கலந்து அழிப்பது உப்புத் துறையின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

இதை அரசுக்கு எடுத்துரைத்தவர் சென்னைப் படையில் மருத்துவராக இருந்து மீனியல் அறிஞராகப் புகழ்பெற்ற பிரான்சிஸ் டே. 1873இல் வெளிவந்த அவரது கடல்மீன் அறிக்கை, வரி மீன் பதனிடுதலை நசுக்குவதைக் காட்டியது. அதன்பின் வேலியடைத்த மீன் உப்பிடும் முற்றங்கள் தோன்றின. அங்கே வரியில்லா உப்பு நிறுத்துக் கொடுக்கப்படும். மீனை அங்கேயே உப்பிட வேண்டும். ஒரு பிடி உப்பும் வெளியே போகலாகாது. இவை மேலைக் கரையிலேயே மிகுதி. சலுகை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தன் குடிசை வாசலில் செய்த வேலையை, காவலர் கண்ணெதிரே, அவர் தராசுக்காகக் காத்திருந்து செய்ய வேண்டியதாயிற்று. மீனோ காத்திருக்காது. உப்பு வரி 1947 ஏப்ரல் 1 அன்று நீக்கப்பட்டது.

பனிக்கட்டியும் லாரியும் வந்தபின் நல்ல மீன் நகரத்துக்குப் போகிறது, எஞ்சியதே கருவாடாகிறது. கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அளங்களில் உப்பு மும்முரமாக விளையும் மாதங்களும் அவையே. அந்நாட்களில் கருவாடு மறுபடியும் உரிய மதிப்பைப் பெறுகிறது. வெந்நீரில் ஊறவிட்டு, இரண்டு முறை அலசி, மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்துப் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறார்கள். முதல்நாள் அதை அளவோடுதான் பரிமாறுவார்கள். மறுநாள் காலை மண்சட்டியில் சுண்டவைத்த குழம்பு பழைய சோற்றுக்கு வரும்போது சட்டியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.