பாடசாலைத் தோட்டம் வாடிய வரலாறு

மன்னாரிலிருந்து மடுவுக்குச் செல்லும் பெருந்தெருவில் உள்ள ஊர் உயிலங்குளம். அப்பகுதி குளமும் வயலும் சூழ்ந்தது. அருவியாற்று நீரைத் தேக்கம் என்னும் அணை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்கு அனுப்ப, அக்குளம் சுற்றுப்புறத்து வயல்களை வளர்த்து வருகின்றது. ஐப்பசி மழையோடு காலபோகத்துக்கு விதைத்து, தை மாசியில் அருவி வெட்டிச் சூடு மிதிக்கும் முறையை மன்னார்ச் சிறுவர் முன்னாளில் தந்தையின் பின்னே நடந்து கற்றனர். பனங்கொட்டையைப் பாத்தியிட்டுக் கிழங்கெடுப்பதையும், அதனை ஒடியலாக்குவதையும் தாயின் அருகிருந்து கற்றனர். அக்கல்விக்கு ஏடும் இல்லை. எவரும் பணம் ஒதுக்க வேண்டியதும் இல்லை.

பயிர்த்தொழிலைப் பாடசாலைக்குள் கொணரும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளிலேயே இலங்கையில் தொடங்கிற்று. பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராக டிரீபெர்க் என்பவர் நியமிக்கப்பெற்றார். ஆளுநர் ஹென்றி பிளேக்கின் காலத்தில், 1904இல், இலங்கைக் கமத்தொழிற் சங்கமும் தோன்றியது. ஆயினும் புதிய பயிர்களையும் புதிய முறைகளையும் கிராமத்தில் பரப்புவதே அத்தோட்டங்களின் நோக்கமாயிருந்தது. கிராமத்துக் கமக்காரன் அறிந்தது யாது என்று அவனிடம் கேட்பார் இலர்.

இத்தகைய கல்விக்குச் செலவு செய்ய வேண்டியவர் யார் என்ற வினா அயல்நாட்டிலும் எழுந்தது. 1922இல் தாகூர் சுருலில் நிறுவிய சிறீநிகேதனம், எல்ம்ஹேர்ஸ்ற் என்ற ஆங்கில இளைஞரின் உழைப்பாலும், அவரைப் பின்னர் மணந்த அமெரிக்கச் சீமாட்டி டோரதியின் நன்கொடையாலும் வளர்ந்தது. காந்தியடிகளோ 1937இல் வார்தா மாநாட்டில் வேறொரு வழி கூறினார். மாணவர் செய்யும் தொழிலின் வருவாயே ஆசிரியரின் ஊதியத்தைத் தாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிள்ளைகளின் உழைப்பு விலைப்பொருளாகிவிடும் என அஞ்சியோர் அதனை எதிர்த்தனர். அவ்வச்சம் நியாயமானதே. வருவாயை நோக்கி நடத்தும் தோட்டத்தில் விளைச்சல் முதலிடம் பெறும். கற்றல் பின்னே தள்ளப்படும்.

இலங்கையில் 1943இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கை, செயன்முறைப் பாடசாலைகளையும் ஒரு வகையாக விதந்துரைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. செயன்முறைப் பாடசாலை ஏட்டளவில் நின்றது. 1972இல் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அந்தந்த ஊரின் தொழிலையே மாணவர் ஆராய்ந்து கற்க அவற்றில் இடமிருந்தது. நகரத்துப் பிள்ளை வைத்தியனாக, எம் பிள்ளை மண்வெட்டியோடு நிற்பதா என்று கிராமத்துப் பெற்றோர் ஐயுற்றனர். பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் போதியளவு இல்லாமை அந்த ஐயத்தை வலுப்படுத்திற்று. 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

பின்னர் வந்த போர் வீட்டுக் கல்வியையும் அறுத்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது இருதரப்புப் பகுதிகளுக்கும் இடைப்பட்ட வாயிலாக உயிலங்குளம் பெயர்பெற்றது. மீண்டும் மூண்ட போரில் மன்னார்ப் பெருநிலத்து மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடியும்வரை கூடாரங்களில் வளர்ந்த பிள்ளைக்குத் தந்தையின் வயல் எங்கே? 1950களின் இறுதியில் வந்த எச்-4 முதலான புதிய இனங்களால் முன்னமே அருகிவந்த மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெற்களின் பெயரையும் அப்பிள்ளை கேட்டிருத்தல் அரிது.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. விதையும் மண்வெட்டியும் ஒருமுறை வழங்கித் திறப்புவிழா நடத்துவது எளிது. மன்னாரில் ஆவணி வெயில் கடுமையானது. பாடசாலை விடுமுறையும் ஓகஸ்ட் மாதத்திலேயே வருகிறது. அப்போது கத்தரிக்கு நீர் வார்ப்பவனுக்குக் கூலி வேண்டும். அருவி வெட்டோ ஆண்டின் முதலாந் தவணையில் நிகழ்கிறது. அவ்வேளை மாணவரைக் களத்துக்கு அழைத்துச் செல்ல நேரசூசி இடந்தர வேண்டும். பழைய நெல்லினங்களை இனங்காட்டும் முதிய கமக்காரருக்கும், ஒடியல் சீவிக் காட்டும் மூதாட்டிக்கும் ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் வழங்க வேண்டும். இவை பெருஞ்செலவுகள் அல்ல. ஆனால் ஆண்டுதோறும் தவறாது வரவேண்டிய செலவுகள். இவற்றுக்கு வழி செய்யாத திட்டங்களே ஒன்றன்பின் ஒன்றாக வாடின. முதியோர் வாழும் காலத்திலேயே இவ்வொதுக்கீடு செய்யப்படுமாயின், உயிலங்குளத்துப் பிள்ளைகள் தம் பாட்டன் விதைத்த நெல்லை மீண்டும் அறிவர்.