மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு, மீன் ஊருக்கு: திருச்சுழி வட்டாரச் சிற்றூர்களில் சொத்துரிமையின் பருவக் கணக்கு

கிராமத்துச் சொத்து என்றால் பட்டா நிலம் என்றே வருவாய்த் துறையும் நீதிமன்றமும் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் அந்தத் தடத்திலேயே நடந்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றுப் படுகையில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே ஒரே சர்வே எண்ணுக்குள் ஒரே ஆண்டில் நான்கைந்து பேருடைய உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன. யாருக்குச் சொந்தம் என்று கேட்பவர், எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். மண்ணை மட்டும் அளந்து காலத்தை அளக்காமல் விட்ட நிலவரிச் சட்டம் அந்த உரிமைகளை ஒழித்துவிடவில்லை. கணக்குக்கு வெளியே தள்ளியது. ஏழைகளின் வாழ்வு பெரிதும் அந்த வெளிப்புறத்தில்தான் நடக்கிறது.

கண்மாயிலிருந்து தொடங்குவோம். இப்பகுதியின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கண்மாய் பெருகியிருக்கும்வரை தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுடையது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. தை அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் நீர் முழங்காலுக்கு இறங்கினால், கண்மாய் மீனுக்குரியதாகிறது. சில இடங்களில் மீன்பாசி குத்தகை ஏலம் போகிறது. வேறு சில ஊர்களில் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வேட்டி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டி சனமெல்லாம் இறங்கிவிடுகிறது. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலும் இந்த மீன்பிடித் திருவிழா உண்டு. நீர் வற்றியபின் உள்வாய் மேய்ச்சலுக்குத் திறக்கிறது. வெடித்துக் கிடக்கும் கரம்பையை வெட்டிப் புஞ்சைக்குக் கொண்டுபோகிறவர்கள் வருகிறார்கள். ஈரம் மிஞ்சிய இடத்தில் வெள்ளரியோ எள்ளோ போடுகிறவர்களும் உண்டு. கரையில் நிற்கும் கருவேலத்தின் நெற்று ஆட்டுக்குப் போகிறது. சுள்ளி அடுப்புக்குப் போகிறது.

புஞ்சையின் கதையும் இதுதான். கம்பும் குதிரைவாலியும் மல்லியும் பருத்தியும் எடுத்து முடித்த கரிசல், தாளோடு நிற்கிற சில மாதங்களுக்குப் பட்டாதாரருடையது மட்டுமல்ல. கீதாரி ஆட்டுக்கிடையோடு வருகிறார். கிடை அமர்த்த நிலக்காரர் அவருக்குக் கூலி கொடுக்கிறார். ஆட்டுக்கு மேய்ச்சல், நிலத்துக்கு உரம். இதில் வாடகை யார் யாருக்குத் தருவது என்று பொருளியல் பாடப்புத்தகம் திகைக்கும். கீதாரியின் பெயர் எந்த அடங்கலிலும் ஏறாது. ஆனால் எந்த ஆண்டு எந்தப் புஞ்சையில் யார் கிடை என்பதில் ஊருக்கு ஐயமே எழுவதில்லை.

இந்த வழக்காறுகளைச் சட்டம் அறியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. திருச்சுழி, இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த பகுதி. அந்த ஜமீனின் தத்துரிமை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1868-இல் தீர்ப்பானது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு சட்டநூலின் எழுத்தையும் மிஞ்சும் என்பது அத்தீர்ப்பின் புகழ்பெற்ற நெறி. இந்து சட்டம் படிக்கும் மாணவர் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஜமீன்தாரான சேதுபதி வீட்டு விதவையின் தத்தெடுப்புக்குக் கிடைத்த அந்த மதிப்பு, அதே மண்ணின் கிடைக்கும் மீனுக்கும் கரம்பைக்கும் கிடைத்ததா? 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் குளம், ஓடை, பாதை அனைத்தையும் அரசின் சொத்து என்று அறிவித்தது. சட்டப்படி நிலவும் வழக்குரிமைகளுக்கு உட்பட்டு என்று ஒரு வரியும் சேர்த்தது. அந்த வரி காகிதத்தில் தங்கிவிட்டது. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலையான சாகுபடி உரிமை தந்தது. பெரிய பேறுதான், ஆனால் உழுகிறவருக்கு மட்டும்.

1948-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம்தான் முழுத் திருப்பம். ஜமீன்கள் ஒழிந்தபோது பொது நிலம், புறம்போக்கு, தரிசு, காடு, குளம், மீன்வளம் என யாவும் எந்த வில்லங்கமும் இன்றி அரசுக்குச் சேர்ந்தன. ஜமீன்தாரின் பிடியை அறுக்க அது தேவைப்பட்டது. ஆனால் மேய்ப்பவரின் உரிமையும் சுள்ளி பொறுக்குபவரின் உரிமையும் வில்லங்கம் என்ற அதே சொல்லுக்குள் அடங்கி அறுபட்டன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக் கண்மாய், அதற்குக் குறைந்தவை யூனியன் கண்மாய் என்று பிரிந்தன. இரண்டிலும் ஊர்க் கண்மாய் என்ற நிலைக்கு இடமில்லை. வறண்ட பகுதிப் பொதுவளங்களை ஆராய்ந்து என்.எஸ். ஜோதா 1986-இல் வெளியிட்ட கட்டுரை, 1950களுக்குப் பின் அவற்றின் பரப்பு பெரிதும் சுருங்கியதைக் காட்டியது. பரப்பைவிட, பருவவாரி உரிமையின் சுருக்கம் பெரிது என்பது என் வாதம். பரப்பையாவது அளந்து காட்டலாம்.

பழைய ஒழுங்கைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. இராமநாதபுரச் சமவெளிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003-இல் வந்த தம் நூலில், கண்மாய் நிர்வாகம் எப்போதுமே அதிகாரத்தையும் மரியாதையையும் பங்கிடும் மேடையாக இருந்தது என்று வாதிட்டார். சரியான வாதம். மடையைத் திறந்த கை பெரும்பாலும் தலித்துடையது. திறக்கச் சொன்ன வாய் வேறு. எது யாருடைய பருவம் என்பதைக் கர்ணம் நினைவில் வைத்திருந்தார், தமக்கு வேண்டியவர்களுக்காக மறக்கவும் செய்தார். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் ஒழிக்கப்பட்டதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் தலையில் மட்டும் இருந்த வழக்காற்றை எழுதி வாங்கிக்கொள்ள எவரும் முனையவில்லை. அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் (யு.டி.ஆர்.), பட்டாதாரர் பெயரையே பல இடங்களில் பிழையாக ஏற்றியது. யு.டி.ஆர். பிழை திருத்த இன்றும் மக்கள் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். பெயரிலேயே இத்தனை குழப்பம் என்றால் பருவத்தை எங்கே எழுதியிருப்பார்கள்?

குடியிருக்கும் இடத்தில் மட்டும் சட்டம் வேறு முகம் காட்டுகிறது. நத்தத்தில் உள்ள வீட்டுமனையும் கொல்லைப்புறமும் 1905 சட்டத்தின்படியே அரசின் சொத்து ஆகா. உயர் நீதிமன்றமும் இதைத் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கிறது. குடியிருப்பதே உரிமை என்ற இந்த நெறி, காகிதத்துக்கு முன்பே வாழ்க்கை இருந்தது என்று சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம். பின்னால் நத்தம் நிலவரித் திட்டமும் தோராயப் பட்டாவும் அதையும் காகிதத்துக்குள் கொண்டுவந்தன. கண்மாய் உள்வாயில் பயிரிடுபவருக்கோ தண்டம் விதிக்கும் பி-மெமோதான். அந்தத் தண்ட ரசீதையே அனுபவத்துக்குச் சான்றாக டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். குற்றச்சாட்டே ஆவணமாகிறது.

மரத்தின் கணக்கு இன்னும் சுவையானது. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை முதலியவற்றை அனுபவிப்பவருக்கு மரப்பட்டா உண்டு. கிராமக் கணக்கில் அது 2சி. மண் அரசுக்கு, மரம் குடிக்கு. மண்ணையும் மரத்தையும் பிரித்து எழுத வருவாய்த் துறைக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்று இந்தப் பிரிவினை சீமைக் கருவேலத்தில் புது உரு எடுத்திருக்கிறது. பட்டாதாரர் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார், புஞ்சை கருவேலங்காடாயிற்று. அவர் மரத்தை மட்டும் கரிமூட்டக்காரருக்கு விற்கிறார். வெட்டுகிறவர், மூட்டம் போடுகிறவர், சிம்பு பொறுக்குகிறவர் என்று அந்த ஒரு மரத்தின் மேல் அடுக்கடுக்காகப் பிழைப்பு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற ஆணையிட்டபோது, நிலத்தடி நீரைப் பற்றிய பேச்சே ஓங்கியிருந்தது. இந்த அடுக்குகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்த மரத்துக்காக நான் வாதாடவில்லை. அதை நம்பியிருப்பவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

இந்தோனேசியத் தீவுகளைப் பார்த்தால் இது நம் ஊர் விசித்திரம் அல்ல என்பது புரியும். மலுக்குத் தீவுகளில் ‘சாசி’ என்ற வழக்கம் உண்டு. குறித்த காலம்வரை மீனோ தேங்காயோ எடுக்கத் தடை. தடையை நீக்கும் நாளில் ஊரே இறங்கும். ஹருக்குத் தீவில் லோம்பா மீனுக்கு வைக்கும் சாசி பெயர்பெற்றது. அதைக் காக்கும் காவலருக்குக் ‘கேவாங்’ என்று பெயர். நம் வெள்ளைத் துண்டு வீச்சுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் உரிமையைக் காலத்தால் வகுக்கும் அறிவு ஒன்றே. மண் வேறு, மண்மேல் நிற்பது வேறு என்பது அந்நாட்டு வழக்காற்றுச் சட்டத்தின் அடிப்படை. அங்கேயும் ஒல்லாந்தர் அரசு 1870-இல் யாருக்கும் ஆவணமில்லாத நிலம் அரசுடையது என்று அறிவித்தது. விடுதலைக்குப் பின் 1960-ஆம் ஆண்டு வேளாண் அடிப்படைச் சட்டம் வழக்காற்றை ஏற்றாலும், நாட்டு நலனுக்குக் கீழேதான் வைத்தது. வழக்காற்றுச் சமூகங்களின் காடு அரசுக் காடு ஆகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. தீவும் வறண்ட நிலமும் எல்லா வகையிலும் எதிரெதிர். இரண்டையும் ஆண்ட நிலவரிச் சிந்தனை மட்டும் ஒன்று.

இங்கே குடிமராமத்து என்ற பெயரைத் தமிழக அரசு 2017-இல் மீட்டெடுத்தது; மராமத்து வந்தது, குடியின் உரிமை வரவில்லை. 2024 முதல் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்ற ஏற்பாடு நல்ல தொடக்கம். பருவ உரிமை ஒன்றை அரசு எழுத்தில் ஏற்ற அண்மைச் சான்று அது. அடுத்த படி பெரிதல்ல. 2சி கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதே முறையில் ஒவ்வொரு கண்மாய்க்கும் மேய்ச்சல், மீன், கரம்பை, உள்வாய்ப் பயிர், விறகு ஆகியவற்றின் அனுபவத்தை மாதவாரியாகப் பதியும் ஒரு கிளைக்கணக்கைக் கிராம சபையின் ஒப்புதலோடு எழுதலாம். பெண்கள், தலித்துகள், வந்துபோகும் கீதாரிகள் ஆகியோரின் பெயர் அதில் ஏறுகிறதா என்பதே அதன் நேர்மைக்குச் சோதனை. திருச்சுழி வட்டத்தில் ஒரு யூனியன் கண்மாயில் இதைத் தொடங்க, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.